மீதியை வெள்ளித்திரையில் காண்க

(பழைய திரைப்படங்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்)

கேள்வி: 1930, 40களில் வெளிவந்த தமிழ்ப் படங்களைப் பல ஆண்டுகளாகத் தேடிப் பார்த்து வருகிறேன். இணையத்தில் கிடைப்பவற்றை ஏறக்குறையப் பார்த்து முடித்துவிட்டேன். மற்றவை அழிந்துவிட்டன என்று முடிவு கட்டிவிடலாமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: வேண்டாம். இணையத்தில் இல்லாத படம் காப்பகத்தில் இருக்கலாம். காப்பகத்தில் இல்லாதது யாருடைய வீட்டுப் பரணிலாவது இருக்கலாம். ‘இல்லை’ என்ற சொல்லை மிகவும் தாமதமாகவே பயன்படுத்த வேண்டும் என்பதற்கு, சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவி பி. வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மலையாள மௌனப் படத்தின் கதையே போதும். 1933ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் அது திரையிடப்பட்டபோது, நாவலின் பதிப்புரிமையை வைத்திருந்த புத்தக நிறுவனம் வழக்குத் தொடுத்தது; படம் நிறுத்தப்பட்டது, பிரதியும் கைப்பற்றப்பட்டது. அன்றைக்கு அது தயாரிப்பாளரை முடக்கிப்போட்ட அடிதான். ஆனால், ஊர் ஊராக ஓடித் தேய்ந்து கடைசியில் வெள்ளிக்காக உருக்கப்பட்டிருக்க வேண்டிய அந்தச் சுருள்கள் யார் கையும் படாமல் கிடந்ததால், 1974இல் பூனாவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கிடைத்தன. வழக்கில் சிக்காத எத்தனையோ வெற்றிப் படங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

வெள்ளி என்று சொன்னது அணிக்காக அன்று. கறுப்பு–வெள்ளைப் படச்சுருளின் பூச்சில் உண்மையாகவே வெள்ளி இருக்கிறது; ஓடி முடிந்த பிரதிகளை அதற்காகவே வாங்கிக் கரைத்தவர்கள் இருந்தார்கள். இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வின் (1931) சுருள்களும் அவ்வாறே போனதைத் தயாரிப்பாளர் அர்தேஷிர் இரானியின் மகனே தம்மிடம் ஒப்புக்கொண்டதாக, காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி. கே. நாயர் கூறியிருக்கிறார். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியான, டி. பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ படத்தின் பிரதியும் நமக்குக் கிடைக்கவில்லை. ‘சிந்தாமணி’ (1937) ஓடிய ஓட்டத்தில் வந்த லாபத்தைக் கொண்டு மதுரையில் அதே பெயரில் ஒரு தியேட்டரே எழும்பியது. படத்தின் பிரதி எதுவும் அகப்பட்டதாகத் தெரியவில்லை, இசைத்தட்டுகள் மட்டும் இன்னும் பாடுகின்றன.

ஆகவே தேடலைப் படத்திலிருந்து தொடங்காமல் காகிதத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் யோசனை. கொட்டகை வாசலில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தில் நடிகர் பட்டியல், பாடல்கள், பல புத்தகங்களில் ராக தாளக் குறிப்பு ஆகியவற்றோடு ஒரு கதைச் சுருக்கமும் இருக்கும்; அது சரியான கட்டத்தில் நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நம்மை அனுப்பி வைக்கும். திரையே இல்லாமற்போன படங்களுக்கு அந்த வரியைப் படிக்கும்போது, எத்தனை முறை படித்திருந்தாலும் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய புத்தகங்கள் பெருமளவில் பாதுகாக்கப்படுகின்றன. பழைய இதழ்களையும் புரட்டுங்கள். கல்கியின் ‘தியாகபூமி’ 1939இல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் காட்சிகளே அதற்குச் சித்திரங்களாக அச்சிடப்பட்டன. ஆங்கில அரசு தடைசெய்த அந்தப் படம் தப்பிப் பிழைத்து பூனாவில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

நம் எல்லைக்கு வெளியேயும் கண்ணை வைத்திருங்கள். 1919இல் கல்கத்தாவின் மதன் நிறுவனம் எடுத்த ‘பில்வமங்கள்’ மௌனப் படத்தின் ஒரு பகுதி பாரிஸ் காப்பகம் ஒன்றில் பத்திரமாக இருந்தது. அதன் நகல் 2016இல்தான் பூனா வந்து சேர்ந்தது.

கேள்வி: இணையத்தில் நான் பார்த்த ஒரு பழைய படம் 2 மணி 30 நிமிடமே ஓடுகிறது. என் தாத்தாவோ அது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியதாகச் சாதிக்கிறார். யார் சொல்வது சரி?
– இராமநாதபுரம் வாசகி

பதில்: தாத்தாவை நம்புங்கள், ஆனால் கணக்கும் போட்டுப் பாருங்கள். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அக்காலத்துப் படத்தின் நீளம் 18,000 அடி என்று விளம்பரத்திலோ தணிக்கைக் குறிப்பிலோ இருந்தால், அது 200 நிமிடப் படம். நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்பட்டதைத் தொலைக்காட்சிக்காக 25 சட்டங்களாக மாற்றும்போது, எதையும் வெட்டாமலே அதில் 8 நிமிடம் குறைந்துவிடும். பாடகரின் சுருதியும் சற்றே ஏறிவிடும். இன்றைய இணையப் பிரதிகளில் பல விசிடியிலிருந்து வந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு தட்டில் ஏறக்குறைய 80 நிமிடமே அடங்கும். இரண்டு தட்டுக்குள் படத்தை அடக்குவதற்காகப் பாடல்களின் மேல்தான் முதலில் கத்தி விழுந்தது.

வெட்டு புதிய வழக்கமும் அன்று. பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய பாட்டுப் புத்தகம் ஒன்றில், முன்பு வைத்திருந்தவர் இரண்டு பாடல்களுக்கு அருகே ‘படத்தில் இல்லை’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். முகம் தெரியாத அந்த ரசிகரைவிட நம்பகமான சாட்சியை நான் இதுவரை சந்திக்கவில்லை.

கேள்வி: தமிழகத்தின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ வெளியான ஆண்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்களே?
– சேலம் வாசகர்

பதில்: ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த அந்த மௌனப் படத்துக்கு 1916, 1917, 1918 ஆகிய மூன்று ஆண்டுகளும் அச்சில் ஏறியிருக்கின்றன. படமே கைவசம் இல்லாதபோது, ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதுவதே வரலாறாகிவிடுகிறது. அன்றைய விளம்பரத்தைக் காட்டுபவர் சொல்லும் ஆண்டை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டூரிங் டாக்கீஸ் நடத்திய என் பெரியப்பா வீட்டில் துருப்பிடித்த இரண்டு படப்பெட்டிகள் கிடைத்துள்ளன. ஓட்டிப் பார்க்க ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
– தேனி வாசகர்

பதில்: ஆளைத் தேடுவதை உடனே நிறுத்துங்கள். வயதான சுருள் சுருங்கியிருக்கும். புரொஜெக்டரின் பற்கள் அதன் ஓரத் துளைகளைக் கிழித்துவிடும். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கும் மின்கம்பிக்கும் தொலைவில் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி நெடி அடித்தால் அது அசிட்டேட் சுருள். கெடத் தொடங்கியிருக்கிறது, ஆனால் ஆபத்தில்லை. பிசுபிசுப்போ பழுப்பு நிறத் தூளோ தென்பட்டால், 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருளாக இருக்கலாம். அது தீப்பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003இல் பூனாவிலேயே நைட்ரேட் சுருள்கள் தீக்கிரையாகியிருக்கின்றன. ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்ய வேண்டாம்.

பரணில் திரும்ப ஏற்றாமல், வீட்டுக்கு வெளியே, ஆட்கள் புழங்காத, குளிர்ச்சியும் ஈரமின்மையும் உள்ள இடத்தில் வைத்துவிட்டு, பூனா காப்பகத்துக்கு எழுதுங்கள். 2022 முதல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. அவர்கள் வழி சொல்லும்வரை பார்சலில் எதையும் அனுப்ப வேண்டாம். துருவைச் சுரண்டும் ஆர்வத்தில் மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டையும் பெயர்த்துவிடாதீர்கள். படத்தின் பெயர், ரீல் எண், பெட்டி அடுத்துப் போக வேண்டிய ஊர் ஆகியவை பெரும்பாலும் அதில்தான் எழுதப்பட்டிருக்கும்.