செல்போன் கதிர்வீச்சுக்கு மூலிகை மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். செல்போன் கதிர்வீச்சிலிருந்து மூளையைக் காக்கும் மூலிகை ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை என்று தெரிந்தவர் ஒருவர் விற்கிறார். டப்பா 1,850 ரூபாய். போனிலேயே படிக்கும் மகனுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் மாமியாருக்கும் கொடுக்கச் சொல்கிறார். ஓரகத்தி வாங்கிவிட்டார். நானும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. முக்கியமாக, மாமியார் அதைத் தொடவே கூடாது. இப்படிப்பட்ட மாத்திரைகளில் கிங்கோ என்ற மூலிகை, மஞ்சள் சாறு போன்றவை சேர்ப்பதுண்டு. ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோடு இவை சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். டப்பாவை அவருடைய டாக்டரிடம் காட்டாமல் ஒன்றுகூடத் தராதீர்கள்.

விற்பவர் சொல்வது முழுக்கக் கற்பனை இல்லை. எலிகளைச் செல்போன் அலையில் வைத்து, தாவரச் சத்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. சிலவற்றில் மூளைத் திசுவின் பாதிப்பு குறைந்தது. ஆனால் கூண்டில் எலிக்குக் கொடுத்த அளவும், உங்கள் மகன் விழுங்கும் மாத்திரையும் ஒன்றல்ல. மனிதர்களுக்கு அப்படிப் பலன் கிடைத்ததாக நிரூபணம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் இந்த அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது நிஜம். அதே நிறுவனம் கேட்டுச் செய்த 2024 ஆய்வுத் தொகுப்பில், செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. இந்த இரண்டாவது செய்தியை விற்பவர்கள் சொல்வதில்லை.

கவலை இருந்தால் காசில்லாத வழி இருக்கிறது. வயலில் சிக்னல் ஒரே கோடாக நிற்கும்போதுதான் போன் அதிக பலத்தோடு அலையை அனுப்பும். அப்போது நீண்ட பேச்சு வேண்டாம். ஸ்பீக்கரில் போட்டு, காதிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். தூரம் கூடக் கூட அலை சட்டென்று குறைந்துவிடும். போனில் *#07# அழுத்தினால் எஸ்.ஏ.ஆர். அளவு, அதாவது போன் அலையை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற கணக்கு வரும், இந்தியாவில் அது கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. மகனுக்கு நெல்லிக்காய், முருங்கைக்கீரை தாராளமாகக் கொடுங்கள், சாப்பாடாக.

சரி, ஓரகத்தி வாங்கிய டப்பா? அதைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா? 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரியை விற்றவரிடம் காட்டி, பில்லும் பணமும் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மூளையைக் காக்கும் என்று அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புகாருக்கு அதுதான் சாட்சி.