எலுமிச்சை மண வோட்காவில் காக்டெய்ல்: கேள்வி பதில்

எலுமிச்சை, ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் மணமூட்டிய வோட்காவைக் கொண்டு காக்டெய்ல் கலப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதிலளிக்கிறேன். பார்களில் பழகுவது போலவே பச்சைப் பழத்தை லைம் என்றும் பெரிய மஞ்சள் பழத்தை லெமன் என்றும் எழுதுகிறேன்.

கேள்வி: வோட்காவிலேயே எலுமிச்சை இருக்கும்போது தனியாகச் சாறு பிழிந்து சேர்க்க வேண்டுமா, ஐயா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். அந்தப் பாட்டிலில் இருப்பது பழத்தின் புளிப்பு அன்று, தோலின் மணம். லெமன் தோலில் உள்ள லிமோனீன், சிட்ரால் முதலிய எண்ணெய்ப் பொருள்கள் நீரில் அநேகமாகக் கரைவதில்லை. ஆல்கஹாலில் நன்றாகக் கரைகின்றன. அதனால்தான் தோலின் வாசனையை வோட்கா எளிதில் ஏந்திக்கொள்கிறது. நாக்கைக் கூசச்செய்யும் சிட்ரிக் அமிலமோ சாற்றில்தான் இருக்கிறது. ஐயமிருந்தால் ஒரு தேக்கரண்டி வோட்காவை முதலில் முகர்ந்து, பிறகு நாவில் வைத்துப் பாருங்கள். மூக்குக்கு எலுமிச்சை தெரியும்; நாக்குக்கு வெறும் காரமே தெரியும். மணம் பாட்டிலிலிருந்தும் புளிப்பு பழத்திலிருந்தும் வர வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டால், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே விடை கண்டுவிடலாம்.

கேள்வி: காஸ்மோபாலிட்டன் காக்டெய்லுக்குச் சரியான அளவு என்ன?

பன்னாட்டு பார்டெண்டர் சங்கத்தின் பட்டியலில் உள்ள அளவு இது: எலுமிச்சை மண வோட்கா 40 மி.லி., குவான்ட்ரோ என்ற ஆரஞ்சு மண மது 15, புதிதாகப் பிழிந்த லைம் சாறு 15, கிரான்பெர்ரி சாறு 30. ஷேக்கர் நிறைய ஐஸ் இட்டு, பன்னிரண்டு முதல் பதினைந்து வினாடிகள் வலுவாகக் குலுக்கி, முன்பே குளிரவைத்த கோப்பையில் வடிகட்டுங்கள். ஐஸைக் குறைத்தால் பானம் நீர்க்காது என்று சிலர் எண்ணுகிறார்கள்; நடப்பது நேர்மாறு. குறைந்த ஐஸ் விரைவில் உருகிப் பானத்தை நீர்க்கச் செய்துவிடும்.

நிறம் வெளிர் ரோஜாவாக இருக்க வேண்டும். நன்னாரி சர்பத் போலச் சிவந்திருந்தால் கிரான்பெர்ரி கூடிவிட்டது என்று பொருள். கடைசியாக ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டை, வெளிப்புறம் கோப்பையை நோக்கியிருக்கும்படி விரல்களால் மடக்கி அழுத்துங்கள். விளக்கொளியில் பார்த்தால் எண்ணெய் மெல்லிய தூவலாகப் பீறிட்டுப் பானத்தின் மேல் படிவது தெரியும். நியூயார்க்கின் ரெயின்போ ரூம் உணவகத்தில் பார்டெண்டர் டேல் டிகிராஃப் அந்தத் தூவலைத் தீக்குச்சிச் சுடரின் வழியே பாய்ச்சி எரியவிட்டுப் புகழ் சேர்த்தார். வீட்டில் சுடர் தேவையில்லை, தோல் போதும்.

அளவுக் கோப்பை இல்லாமல் கண்ணளவாக ஊற்றாதீர்கள். சாறு 5 மி.லி. கூடினாலே இந்தப் பானம் கெட்டுவிடும்.

கேள்வி: கடையில் விற்கும் பாட்டில் லைம் சாறு பரவாயில்லையா?

கூடாது.

கேள்வி: வோட்காவுக்கு வீட்டிலேயே எலுமிச்சை மணம் ஏற்றலாமா, அண்ணா?

தாராளமாக ஏற்றலாம். 750 மி.லி. சாதாரண வோட்காவுக்கு நான்கைந்து லெமன்களின் தோல் போதும். பழத்தின் மேல் மெழுகு பூசியிருக்கக்கூடும். வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு காய்கறித் தோல்சீவியால் மஞ்சள் பகுதியை மட்டும் சீவி, மூடியிட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் வோட்காவுடன் ஊறவிடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து தினமும் சுவை பார்த்து, மணம் ஏறியதும் உடனே வடித்துவிடுங்கள். வெள்ளைத் தோல் ஒட்டியிருந்தால் கசப்பு இறங்கும். அதன்பின் எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் அந்தக் கசப்பு போகாது. வடித்ததில் நீர் கலக்கும்போது சற்றே கலங்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஆல்கஹாலின் செறிவு குறைந்ததும் எண்ணெய் பிரிந்து வருகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: காஸ்மோபாலிட்டனை உருவாக்கியவர் மயாமியின் பார்டெண்டர் ஷெரில் குக். நியூயார்க்காரர்கள் பெயரைத் தட்டிப் பறித்தார்கள். உங்கள் கருத்து?

இன்று நாம் குடிக்கும் வடிவத்துக்கு நான் நியூயார்க் ஓடியன் உணவகத்தின் பார்டெண்டர் டோபி செச்சினியையே சொல்வேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த, வோட்காவும் இனிப்பூட்டிய லைம் சாறும் கிரனடைன் என்ற மாதுளைப் பாகும் சேர்ந்த ஒரு பானத்தைக் கேள்விப்பட்டு, 1988 வாக்கில் அதில் அப்சலூட் சிட்ரான் என்ற எலுமிச்சை மண வோட்கா, குவான்ட்ரோ, புதிய லைம் சாறு, கிரான்பெர்ரி ஆகியவற்றைப் புகுத்தியதாக அவர் கூறுகிறார். ஷெரில் குக்கின் செய்முறையில் இனிப்பூட்டிய லைம் சாறுதான் இருந்தது.

மறுப்பு: அப்சலூட் சிட்ரானைத் தாமும் பயன்படுத்தியதாக ஷெரில் குக் சொல்கிறாரே? அதுவும் 80-களின் நடுவிலேயே?

சிக்கலே அங்கேதான். சிட்ரான் முறையாக அறிமுகமானது 1988-இல். அதற்கு முன்பே சோதனை விற்பனைக்கு ஃபுளோரிடாவுக்கு வந்திருக்கலாம் என்பது அவர் தரப்பினரின் விடை. அதை ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம். பெயர் மட்டுமே உரிமைக்குச் சான்று என்றால் இருவருமே தோற்பார்கள். 1934-இல் வெளிவந்த ஒரு பார் கையேட்டிலேயே காஸ்மோபாலிட்டன் இருக்கிறது. அதில் ஜின், குவான்ட்ரோ, லெமன் சாறு, ராஸ்ப்பெர்ரிப் பாகு. வோட்காவும் இல்லை, கிரான்பெர்ரியும் இல்லை.

மறுப்பு: அப்படியானால் வோட்கா, கிரான்பெர்ரி, லைம் மூன்றையும் முதலில் சேர்த்தவருக்குத்தானே பெருமை?

அந்தப் பெருமையைக் கிரான்பெர்ரிச் சாறு விற்ற நிறுவனத்துக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். 1960-களிலேயே அது அத்தகைய கலவையை விளம்பரப்படுத்தியது. என் அளவுகோல் வேறு: இனிப்பூட்டிய சாற்றை நீக்கிப் புதிய பழத்தைக் கொண்டுவந்தவரே பானத்தை நிமிர்த்தியவர். மயாமிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

கேள்வி: சாறு சேர்க்காமல் எலுமிச்சை வோட்காவும் சோடாவும் மட்டும் போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கிரேப்ஃப்ரூட் சாறும் வோட்காவும் எனக்குப் பிடிக்கும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். ஏதேனும் தடையுண்டா?

உங்கள் மாத்திரையின் பெயரைச் சொல்லி மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்கும்வரை அந்தச் சாற்றைத் தொடாதீர்கள். குடலில் சில மருந்துகளைச் சிதைக்கும் நொதியைக் கிரேப்ஃப்ரூட் முடக்குகிறது. அதனால் வழக்கமான ஒரு மாத்திரை பல மாத்திரைகளை விழுங்கியதற்குச் சமமாகிவிடக்கூடும். இது தெரியவந்ததே மதுவால்தான். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்துடன் ஆல்கஹால் சேர்ந்தால் என்னவாகும் என்று ஆராய்ந்தபோது, ஆல்கஹாலின் சுவையை மறைப்பதற்காகக் கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத அளவுக்கு ஏறியது. காரணம் அந்தச் சாறு என்று பிறகு கண்டார்கள். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தவிரவும், மதுவே இரத்த அழுத்தத்துக்கு நல்லதன்று.

கேள்வி: எலுமிச்சை வோட்காவில் பாலேடு கலந்தால் திரியுமா?

வோட்காவில் அமிலம் இல்லை, திரியாது. சாறு விட்டால் திரியும்.

கேள்வி: ஜின்னில் எது சிறந்தது?

இன்றைய பொருள் அதுவன்று.

கேள்வி: தோட்டத்தில் பகல் விருந்து. நிறைய லைம் பிழிய வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

நிழலில் பிழியுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். லைம் சாறும் தோல் எண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால், ஓரிரு நாளில் கொப்புளம் எழக்கூடும். கறுத்த தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். சாற்றை அன்றன்று பிழியுங்கள். மீந்ததை மறுநாள் விருந்தாளிக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அவசரத்துக்குப் பாட்டில் சாறு ஊற்றலாமா, ஐயா?

மூன்றாம் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். அவசரம் என்றால் சாறு தேவையில்லாத பானத்தைக் குடியுங்கள்.

கேள்வி: லெமன் டிராப் எனக்கு எப்போதும் மிட்டாய் போலத் தித்திக்கிறதே?

1970-களில் சான் பிரான்சிஸ்கோவின் ஹென்றி ஆஃப்ரிக்காஸ் பாரில் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பானத்துக்கு மிட்டாயின் பெயரைத்தான் வைத்தார்கள். எலுமிச்சை மண வோட்கா 45 மி.லி., குவான்ட்ரோ 15, லெமன் சாறு 20, சர்க்கரைப் பாகு 10 என்று கலந்து பாருங்கள். கோப்பையின் விளிம்பில் பாதிக்கு மட்டும் சர்க்கரை ஒட்டுங்கள். தித்திப்பு வேண்டியவர் அந்தப் பக்கம் குடிக்கட்டும். நீங்கள் மறுபக்கம் குடியுங்கள்.