டாஸ்க் வரவில்லை, வந்தது முடியவில்லை, முடிந்தது ஏறவில்லை: கொங்கு வாசகர் கேள்வி-பதில்

வீட்டிலும் ஆபீசிலும் சும்மா ஓடும் கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொடுக்கிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கேள்விகளே சாட்சி. பெரும்பாலானவை பாயிங்க் (BOINC) மென்பொருளைப் பற்றியவை. ஆராய்ச்சிப் புராஜெக்டின் சர்வரிலிருந்து கணக்குத் துண்டுகளை வாங்கி, நம் கம்ப்யூட்டரில் ஓட்டி, விடையைத் திருப்பி அனுப்புவது அது. அந்தத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு டாஸ்க். கேட்பதற்கு முன்னால் எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். பாயிங்க் மேனேஜரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஈவன்ட் லாக், அதாவது நடந்ததை எல்லாம் எழுதி வைக்கும் பட்டியல், திறக்கும். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவர்: ரொசெட்டா புராஜெக்ட் சேர்த்து ஒரு வாரமாச்சுங்க. ஒரு டாஸ்க்கூட வரலை. இன்டர்நெட் நல்லாத்தான் இருக்குது. என் கம்ப்யூட்டர்ல கோளாறுங்களா?

முதலில் உங்கள் கம்ப்யூட்டர் வேலை கேட்டதா, கேட்கவே இல்லையா என்று பாருங்கள். லாக்கில் 'ரிக்வெஸ்டிங் நியூ டாஸ்க்ஸ்' என்று இருந்தால் கேட்டிருக்கிறது, சர்வர்தான் கொடுக்கவில்லை. 'நாட் ரிக்வெஸ்டிங் டாஸ்க்ஸ்' என்று இருந்தால் கேட்கவே இல்லை. பக்கத்திலேயே காரணமும் இருக்கும்: கையிருப்பு போதும், அல்லது 'நோ நியூ டாஸ்க்ஸ்' பொத்தானை நீங்களே அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது முடித்த வேலை அப்லோட் ஆகாமல் தேங்கி நிற்கிறது.

கேட்டும் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் அங்கே வேலையே இல்லை. புரதங்களின் வடிவத்தைக் கணக்கிடும் ரொசெட்டாவை நடத்துவது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வகம். 2024 வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவர். ஆராய்ச்சியாளர்கள் புதிய கணக்கு தயார் செய்தால் வேலை கொட்டும், இல்லாத நாட்களில் வறண்டு கிடக்கும். புராஜெக்டின் சர்வர் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அனுப்பத் தயாராக எத்தனை டாஸ்க் இருக்கிறது என்று போட்டிருப்பார்கள். பூஜ்யம் என்றால் நீங்கள் எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. அப்டேட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் பலனும் இல்லை, ஒரு தடவை கேட்டபின் அடுத்த தடவைக்கு இவ்வளவு நேரம் பொறு என்று சர்வர் கணக்கு வைத்திருக்கிறது.

வேலை இருந்தும் உங்களுக்கு வரவில்லையா? ரேம் போதாது, டிஸ்க்கில் இடம் இல்லை, விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் போல ஓட்டும் மென்பொருள்) இல்லை என்று சர்வரே காரணம் சொல்லியிருக்கும். தொடர்ந்து பிழையான ரிசல்ட் அனுப்பிய கம்ப்யூட்டருக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் டாஸ்க் அளவும் குறைந்துகொண்டே போகும். நல்ல ரிசல்ட் அனுப்ப அனுப்ப மறுபடி ஏறும்.

ஒரு புராஜெக்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஈர்ப்பு அலைகளைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் போல இன்னொன்றைச் சேர்த்து, அதன் ரிசோர்ஸ் ஷேரை, அதாவது கம்ப்யூட்டரில் அதற்கான பங்கை, பூஜ்யமாக வையுங்கள். முதல் புராஜெக்டில் வேலை இல்லாதபோது மட்டும் இது வரும். பழைய வீடியோ பார்த்து, வேற்றுக்கிரக உயிர்களின் சிக்னலைத் தேடிய செட்டி அட் ஹோமைத் தேடி வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1999 மே மாதம் தொடங்கிய அது 2020 மார்ச் 31-ஓடு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

திருப்பூர், பனியன் கம்பெனி கணக்காளர்: கரன்ட், நெட் போனாலும் வேலை நிற்கக் கூடாதுன்னு பத்து நாளைக்கு ஸ்டாக் பண்ணி வெச்சேன். இப்பப் பாதி டாஸ்க் 'டைம்டு அவுட்'னு வருது. முடிச்சுக் கொடுத்ததுக்கும் கிரெடிட் வரலை. இது நியாயமுங்களா?

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஒரு பவர் டேபிள் யூனிட்காரர் பத்து நாள் தைக்கிற அளவுக்குக் கட்டிங் பீஸை வாங்கி அடுக்கிக்கொள்கிறார். தைப்பது என்னவோ நாளைக்கு ஒரு கட்டுதான். அடியில் கிடக்கும் கட்டு எப்போது வெளியே வரும் என்று செக்கிங்கில், அயர்னிங்கில், பேக்கிங்கில் எல்லோரும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்தக் கட்டு இல்லாமல் ஆர்டர் முடியாது. உங்கள் கம்ப்யூட்டரில் வரிசையில் கிடக்கும் டாஸ்க்குகளும் அப்படித்தான்.

பல புராஜெக்டுகளில் ஒரே கணக்கை இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் சரி என்று ஏற்பார்கள், இருவருக்கும் கிரெடிட், அதாவது செய்த வேலைக்கான மதிப்பெண், போடுவார்கள். உங்கள் ஜோடி, விங்மேன் என்பார்கள், எங்கோ ஒரு நாட்டில் முதல் நாளே முடித்துக் கொடுத்திருப்பார். நீங்கள் கெடு தாண்டியதும் சர்வர் மூன்றாவது ஆளுக்கு அனுப்பும், அவருக்குப் புதிதாக ஒரு கெடு. அதுவரை அந்த முதல் ஆளின் கிரெடிட் தொங்கும். அதைவிட முக்கியம், ஆராய்ச்சியாளரின் கையில் விடை இல்லை. சில ஆராய்ச்சிகளில் இந்த விடையை வைத்துத்தான் அடுத்த சுற்று வேலையையே தயார் செய்வார்கள்.

கெடு தாண்டிக் கொடுத்தாலும் சில சமயம் ஏற்பார்கள். மூன்றாவது ஆள் முடிப்பதற்குள் உங்கள் விடை போய்ச் சேர்ந்தால் பொதுவாகக் கிரெடிட் உண்டு. அவர் முந்திக்கொண்டால் 'டூ லேட் டு வேலிடேட்' என்று வரும். உங்களுக்கு நடந்தது அதுதான். சர்வர் செய்ததில் தப்பில்லை என்பதே என் கருத்து.

என்ன செய்யலாம்? கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸில் 'ஸ்டோர் அட் லீஸ்ட்' என்பதற்கு 0.1 நாள், கூடுதல் நாளுக்கு 0.5 வையுங்கள். திருப்பூரில் ஒரு நாள் முழுக்க நெட் இல்லாமல் போனாலும் குடிமுழுகிப் போகாது. ஏற்கெனவே குவிந்து கிடப்பதில் எது கெடுவுக்குள் முடியாதோ, இன்னும் தொடங்காததோ, அதை அபார்ட் (ரத்து) செய்துவிடுங்கள். சும்மா வைத்திருந்து கெடு தாண்ட விடுவதைவிட உடனே திருப்பிக் கொடுப்பது எவ்வளவோ மேல், சர்வர் அப்போதே வேறு ஆளுக்கு அனுப்பிவிடும். மென்பொருளை அதன் டேட்டா கோப்புறையோடு அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். அப்படிச் செய்தால் கையில் இருந்த டாஸ்க்குகள் உங்கள் பேரில் இருப்பதாகவே சர்வர் நினைத்துக்கொண்டு இருக்கும்.

இன்னொன்று. புராஜெக்டின் இணையதளத்தில் மாற்றியும் கம்ப்யூட்டர் கேட்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள். மேனேஜரில் ஒருமுறை செட்டிங்கை மாற்றிவிட்டால் அந்தக் கம்ப்யூட்டருக்கு அதுதான் சட்டம், இணையதளத்தில் மாற்றுவது எடுபடாது.

ஈரோடு, பள்ளி ஆசிரியை: காலையில 99 சதவீதம் இருந்துச்சு. சாயங்காலமும் 99-தான். மீதி நேரம் குறையறதுக்குப் பதிலா ஏறுது. நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாங்க, முதலில் சோதித்துப் பாருங்கள். அந்தச் சதவீதம் எல்லா நேரமும் நிஜமான அளவு இல்லை. எவ்வளவு முடிந்தது என்று சொல்லாத ஆப் என்றால், பாயிங்க் தானாக ஒரு மதிப்பீட்டைக் காட்டும். அது வேகமாக ஏறி, நூறை நெருங்க நெருங்க ஊரும். மீதி நேரமும் மதிப்பீடுதான், புதிய வகை டாஸ்க் என்றால் பெருமளவு தப்பாகும்.

நம்ப வேண்டியது செக்பாயின்டை. செய்த கணக்கை அவ்வப்போது டிஸ்க்கில் எழுதி வைக்கும் இடம் அது. டாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் அழுத்துங்கள். சிபியு டைம் (பிராசசர் நிஜமாக வேலை செய்த நேரம்) என்று ஒரு வரி, கடைசி செக்பாயின்டுக்குப் பின் ஆன சிபியு டைம் என்று ஒரு வரி இருக்கும். இரண்டையும் பேப்பரில் குறித்துக்கொண்டு அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். சிபியு டைம் ஏறியிருக்கிறது, செக்பாயின்ட் எண் சின்னதாகியிருக்கிறது என்றால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். கடிகார நேரம் மட்டும் ஏறி சிபியு டைம் அசையாமல் நின்றால் மாட்டிக்கொண்டது. அப்போதும் உடனே அபார்ட் வேண்டாம். பாயிங்கை முழுதாக மூடித் திறங்கள், கடைசி செக்பாயின்டிலிருந்து எடுத்து ஓடினால் பிழைத்தது. மறுபடியும் அதே இடத்தில் நின்றால் அபார்ட் செய்யுங்கள்.

கோபிச்செட்டிபாளையம், விவசாயி: கரன்ட் போய் வந்தா சில டாஸ்க் விட்ட இடத்துல தொடருது, சிலது பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்குது. ஏனுங்க?

செக்பாயின்ட் எழுதும் இடைவெளி ஒவ்வொரு ஆப்புக்கும் வேறு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுவதும் உண்டு, முழு வேலையிலும் எழுதாததும் உண்டு. செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி அட் ஹோமில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடும் வேலைகள் பட்டென்று கரன்ட் போவதைத் தாங்குவது கஷ்டம். ஆக்ஸ்ஃபோர்டின் கிளைமேட்பிரிடிக்ஷன் டாஸ்க்குகள் பல நாள் ஓடுபவை, ஆனால் நடுநடுவே முன்னேற்றத்தைச் சர்வருக்குச் சொல்லிக்கொண்டே போகும்.

மின்வாரியம் பராமரிப்புக்காக நிறுத்தும் நாள் முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். அதற்கு முந்தின இரவு 'நோ நியூ டாஸ்க்ஸ்' போட்டுவிடுங்கள், காலையில் பாயிங்கை ஒழுங்காக மூடிவிட்டு கம்ப்யூட்டரை அணையுங்கள். சொல்லாமல் போகும் கரன்ட்டுக்கு யுபிஎஸ்தான் வழி. 'லீவ் நான்-ஜிபியு டாஸ்க்ஸ் இன் மெமரி' என்பதை டிக் செய்தால் தப்பிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அது டாஸ்க்கை இடையில் நிறுத்திவைக்கும்போது ரேமில் வைத்திருக்கும். கரன்ட் போனால் ரேமும் போயிற்று.

கரூர்: முடிச்ச டாஸ்க் 'ரெடி டு ரிப்போர்ட்'னு நிக்குது. கிரெடிட்டும் ஏறலை.

அப்லோட் வேறு, ரிப்போர்ட் வேறு. விடை ஃபைல் போய்விட்டது, முடித்தேன் என்ற தகவல் இன்னும் போகவில்லை. சர்வருக்குச் சிரமம் கொடுக்காமல் பாயிங்க் சேர்த்து வைத்துச் சொல்லும், அடுத்து வேலை கேட்கும்போதோ கெடு நெருங்கும்போதோ தானாகப் போகும். அவசரம் என்றால் ஒரே ஒரு தடவை அப்டேட் அழுத்தலாம். அதன்பின் 'பெண்டிங்' என்று நின்றால் உங்கள் ஜோடிக்காகக் காத்திருக்கிறது. சராசரி கிரெடிட் எண் ஏன் இறங்குகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஒரு வாரம் புதுக் கிரெடிட் வராவிட்டால் பாதியாகும்படி அமைந்தது. வேலை போய்ச் சேர்கிறதா என்பதற்கு மொத்தக் கிரெடிட்டையும் டாஸ்க் பட்டியலையும் பாருங்கள்.

கோவை பீளமேடு, கல்லூரி லேப் பொறுப்பாளர்: ஒரு கம்ப்யூட்டர்ல பாயிங்க் போட்டு, அந்த டிஸ்க்கையே காப்பி எடுத்து லேப் முழுக்கப் போட்டோம். எல்லாம் குழப்பமா இருக்குது.

பாயிங்க் முதல் தடவை புராஜெக்டோடு பேசும்போது சர்வர் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு எண் கொடுக்கும். நீங்கள் எடுத்த காப்பியில் அந்த எண்ணும் சேர்ந்து போய்விட்டது. எல்லா மெஷினும் ஒரே பேரைச் சொல்லிக்கொண்டு வேலை கேட்டால், யாரிடம் எது இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியாது. கொடுத்த டாஸ்க்குகளில் சிலவற்றைக் கைவிடப்பட்டதாகவே கணக்கு வைத்துவிடும்.

ஒவ்வொரு மெஷினிலும் பாயிங்கை நிறுத்துங்கள், புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும் பாயிங்க் கோப்புறையைக் காலி செய்யுங்கள், புதிதாகப் புராஜெக்டில் சேருங்கள். அடுத்த முறை டிஸ்க் காப்பி எடுக்கும்போது மென்பொருளை நிறுவியதோடு விட்டுவிட்டு, எந்தப் புராஜெக்டிலும் சேர்க்காமல் எடுங்கள்.

கல்லூரி நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மின்சாரமும் மெஷினும் கல்லூரியுடையவை. அனுமதி கைக்கு வரும் வரை ஒரு மெஷினில்கூட ஓட்டாதீர்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

நாமக்கல், கணித ஆசிரியர்: ஜிம்ப்ஸ் பகா எண் தேடலில் பிரைம்95 ஓட்டுகிறேன். ஒரே எண் வாரக்கணக்கில் ஓடுகிறது. நடுவில் வேறு யாருக்காவது போய்விடுமா?

பிரைம்95 எப்போது முடிப்பேன் என்ற தேதியை அவ்வப்போது பிரைம்நெட் சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவல் போய்க்கொண்டு, வேலையும் கெடுவுக்குள் நகர்ந்துகொண்டு இருக்கும் வரை பெரிதாகப் பயம் இல்லை. லேப்டாப்பை மாதக்கணக்கில் மூடி வைத்தால் பறிபோகும். முன்போல இன்னொருவர் முழுக் கணக்கையும் மறுபடி போட்டுச் சரிபார்க்கத் தேவையில்லாத முறை 2020-இல் வந்தது. உங்கள் மெஷினே ஒரு நிரூபண ஃபைலைத் தயாரிக்கும், அதைச் சரிபார்ப்பது கொஞ்ச நேர வேலை. அதற்காக டிஸ்க்கில் சில ஜிபி பெரிய ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கும். இடம் அடைக்கிறது என்று தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். 1996 முதல் இப்படித் தனி மனிதர்களின் கம்ப்யூட்டர்களை நம்பி நடக்கும் தேடல் இது. 2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் கண்டுபிடித்த பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். உங்கள் மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள்.

உடுமலைப்பேட்டை: ஃபோல்டிங் அட் ஹோமில் நண்பருக்கும் எனக்கும் ஒரே மாதிரி மெஷின். அவருக்குப் பாயின்ட் பல மடங்கு வருது.

இது பாயிங்க் இல்லை, புரதங்கள் மடங்குவதைக் கணக்கிடும் தனி மென்பொருள். பாஸ்கீ, அதாவது உங்கள் பேருக்கென்று அவர்கள் கொடுக்கும் ரகசியக் குறியீடு, வாங்கிப் போட்டீர்களா என்று பாருங்கள். பாஸ்கீயோடு பத்து ஒர்க் யூனிட் (இங்கே டாஸ்க்குக்குப் பேர் அது) முடித்து, வாங்கியதில் 80 சதவீதமாவது ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தால்தான் சீக்கிரம் முடித்ததற்கான போனஸ் கிடைக்கும். இங்கே கெடு இரண்டு. முதல் கெடு தாண்டினால் போனஸ் போகும், வேலையும் இன்னொருவருக்குப் போகும். இரண்டாவதும் தாண்டினால் ஒன்றும் கிடையாது.

அவிநாசி: கரன்ட் பில்லுக்குப் பயமா இருக்குதுங்க.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 வாட் இழுக்கும் மெஷின் 24 மணி நேரமும் ஓடினால் நாளைக்கு 3.6 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 216 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுக்கு மேல் போனதெல்லாம் பில்லில் ஏறும். மற்ற வேலைக்காகக் கம்ப்யூட்டர் போடும் நேரத்தில் மட்டும், பாதி கோர்களில் ஓட்டுங்கள். சித்திரை, வைகாசியில் அதையும் நிறுத்தி வைப்பது மெஷினுக்கு நல்லது. இடையில் நிறுத்துகிறவர் 'நோ நியூ டாஸ்க்ஸ்' போட்டு, கையில் இருப்பதை முடித்துக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

தாராபுரம்: பழைய கம்ப்யூட்டர். தினமும் காலையில போட்டதும் எந்தப் புராஜெக்டோடயும் இணைய மாட்டேங்குது, எஸ்எஸ்எல் பிழைன்னு வருது. கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா சரியாகுது.

மூலையில் தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பல வருடம் பின்னால் இருக்கும் என்று நினைக்கிறேன். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் சர்வரின் சான்றிதழை கம்ப்யூட்டர் ஏற்காது. விண்டோஸ் நெட்டிலிருந்து நேரத்தைத் திருத்திக்கொண்டதும் சரியாகிறது. வாட்ச் ரிப்பேர் கடையிலேயே அந்தப் பேட்டரி கிடைக்கும். மாற்றிவிட்டு பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள்.