பெட்டியில் இருக்க வேண்டிய பேத்தியை நெஞ்சில் கட்டச் சொல்கிறார்களே, சரியா டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு பி.பி. ஏறிவிட்டதால் 32-வது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பேத்தி பிறந்தபோது எடை 1,480 கிராம். மூன்று நாள் மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். இப்போது தானாக மூச்சு விடுகிறாள். மகளை ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றியதும், ஆறாவது நாளிலிருந்து குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து மகளின் நெஞ்சில் துணியால் கட்டிவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டுமாம். இது அரசு மருத்துவமனை. பெட்டி பற்றாமல்தான் இப்படிச் செய்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. தனியாருக்குக் கொண்டுபோகலாமா என்று மாப்பிள்ளை கேட்கிறார், நகையை அடகு வைக்கவும் தயாராக இருக்கிறோம். தாயின் உடம்புச் சூடு பிள்ளைக்கு ஏறாதா? கிருமி ஒட்டாதா? தையல் வலியோடு மகள் எப்படித் தாங்குவாள்? நான் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? எனக்கு வயது 56. எத்தனை நாள் இப்படி வைத்திருக்க வேண்டும்?

பதில்:

அம்மா, முதலில் நகையை எடுத்து உள்ளே வையுங்கள். நெஞ்சில் கட்டச் சொல்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பேத்தியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. ஒன்றரைக் கிலோ குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றி இறக்குவதே அவளுக்குப் பெரிய அலைச்சல். அங்கே போனாலும் விஷயம் தெரிந்த குழந்தை மருத்துவர் இதையேதான் செய்யச் சொல்வார். ஊசி மருந்தைப் போல இதுவும் உங்கள் பேத்திக்கு எழுதிக்கொடுத்த ஒரு சிகிச்சை. அதற்குப் பெயர் கங்காரு தாய் பராமரிப்பு.

பெட்டி பற்றவில்லையோ என்று நீங்கள் சந்தேகப்பட்டதில் தவறே இல்லை. இந்த முறை பிறந்ததே அப்படித்தான். 1978-இல் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில், ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர் வேறு வழியில்லாமல் இதைத் தொடங்கினார். அங்கே பெட்டிகள் போதவில்லை. ஒரு குழந்தைக்கு வந்த கிருமி அடுத்த குழந்தைக்குத் தொற்றியது. வாரக்கணக்கில் பிள்ளையைத் தொடவே விடாததால், விட்டுவிட்டுப் போன தாய்மாரும் உண்டு. அதனால் அவர் குழந்தையை எடுத்துத் தாயின் வெறும் நெஞ்சிலேயே வைத்துக் கட்டினார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல. வசதி இல்லாத ஊரின் வைத்தியம் என்றே இதைப் பல மருத்துவர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள்.

நானும் அப்படி நினைத்தவன்தான். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் தாய்மாரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சிய பாலைச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கதவிடுக்கில் நீட்டுவார்கள். நர்ஸ் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார். "இன்னைக்குக் கண்ணு முழிச்சானா சார்?" என்று கேட்பார்கள். கிருமி உள்ளே வந்துவிடும் என்று உண்மையாகவே நம்பித்தான் அப்படிச் செய்தோம். அந்தக் கதவை இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது. நாங்கள் வெளியே நிறுத்தியது குழந்தையின் மருந்தை என்று பிறகுதான் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், 2021-இல் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தது. நம் நாட்டில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவுக்கு மேல், 1.8 கிலோவுக்குக் கீழ் பிறந்த 3,211 குழந்தைகள். உங்கள் பேத்தியின் எடை இதற்குள்தான் வருகிறது. பாதிக் குழந்தைகளை வழக்கம்போலப் பெட்டியிலோ, வார்மர் என்ற சூடேற்றும் மேடையிலோ வைத்து, உடல்நிலை சீரான பிறகே தாயின் நெஞ்சுக்குக் கொடுத்தார்கள். மறு பாதியைப் பிறந்த ஓரிரு மணி நேரத்திலேயே நெஞ்சில் வைத்தார்கள். அதற்காகத் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போட்டார்கள். தாய் எழ முடியாத நேரத்தில் பாட்டியோ சித்தியோ சுமந்தார்கள். நாளுக்குச் சுமார் 17 மணி நேரம் அந்தக் குழந்தைகள் மனித நெஞ்சில் இருந்தன. மூக்கில் குழாய், நரம்பில் ஊசி, எல்லாம் அப்படியே இருக்க, நெஞ்சில்.

முதல் 28 நாளில், வழக்கமான முறையில் வைத்த குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 இறந்தன. நெஞ்சில் வைத்த குழந்தைகளில் 12. நூற்றுக்கு நாலுதானா என்று தோன்றலாம். ஆனால் 27 குழந்தைகளை இப்படிச் சுமந்தால் கூடுதலாக ஓர் உயிர் தங்குகிறது என்று கணக்கு. எங்கள் துறையில் இவ்வளவு பலன் தரும் மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், இனி ஒரு பாதிக்கு இதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மருத்துவமனைகளில் பெட்டியும் இருந்தது, வார்மரும் இருந்தது. அவற்றில் வைத்த குழந்தைகளைவிட நெஞ்சில் வைத்த குழந்தைகள் நன்றாக இருந்தன. இதை ஒட்டித்தான் 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. தானாக மூச்சு விட முடியாத, ரத்த ஓட்டம் குலைந்த, வெண்டிலேட்டர் தேவைப்படும் குழந்தைகள் தவிர மற்றவர்களுக்குப் பிறந்த உடனேயே தொடங்க வேண்டும், நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் 24 மணி நேரமும். வசதிக்குக் குறைவில்லாத ஸ்வீடனிலும் நார்வேயிலும் 32 வாரக் குழந்தைகளைப் பிறந்த உடனே பெற்றோர் நெஞ்சில் வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

நெஞ்சின் சூடு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தாய் பக்கத்திலேயே இருந்ததால் பால் கூடியிருக்கும், பலர் கை மாறாமல் இருந்திருக்கும், குழந்தையின் நிறம் மாறினால் முதலில் அவளே பார்த்திருப்பாள். எல்லாம் சேர்ந்த பலன் இது.

இனி உங்கள் பயங்களுக்கு வருகிறேன். தாயின் உடம்புச் சூடு பிள்ளைக்கு அளவுக்கு மீறி ஏறாது. குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு, தோலும் காகிதம் மாதிரி. உடம்பிலிருந்து சூடு சட்டென்று பறந்துவிடும். உடம்பு குளிர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மூச்சு திணறும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் சூடு காக்கவே செலவாகும். தாயின் மார்புத் தோல் பிள்ளைக்குத் தேவையான அளவுக்குச் சூடேறும், போதுமென்றால் தணியும். குழந்தையின் சூடு 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் போதும். மின்விசிறி ஓடலாம், காற்று நேராகக் குழந்தை மேல் அடிக்க வேண்டாம்.

கிருமி பற்றிய பயத்துக்கு மேலே சொன்ன ஆய்விலேயே பதில் இருக்கிறது. ரத்தத்தில் கிருமி பரவியதோ என்று சந்தேகித்துச் சிகிச்சை கொடுக்க வேண்டி வந்தது, பெட்டியில் 100-க்கு 28 குழந்தைகளுக்கு, நெஞ்சில் 100-க்கு 23 குழந்தைகளுக்கு. வீட்டுக்காரர்களின் தோலில் இருக்கும் சாதாரணக் கிருமிகள், மருந்துக்கு அடங்காத மருத்துவமனைக் கிருமிகளைவிட எவ்வளவோ மேல். கை கழுவுவதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளி, காய்ச்சல், தோலில் புண் உள்ளவர்கள் தூக்க வேண்டாம்.

தையலுக்கு இடைஞ்சல் வராது. குழந்தையைத் தையலுக்கு மேலே, இரண்டு மார்புக்கும் நடுவில்தான் வைக்கிறோம். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, மகள் முக்கால்வாசி சாய்ந்த நிலையில் இருந்தால் வயிற்றில் இழுப்பு இருக்காது. வலி மாத்திரையைத் தயங்காமல் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். பி.பி.யால் பிரசவமான பெண் என்பதால் ஒன்று முக்கியம். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி என்று மகள் சொன்னால், அது தூக்கம் கெட்டதால் என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

வைக்கும் விதத்தை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு டயப்பர், குல்லா, காலுறை மட்டும். தோலோடு தோல் பட வேண்டும், நடுவில் துணி கூடாது. நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, முகவாய் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கட்டும். முகவாய் கழுத்தில் அமுங்கினால் மூச்சு அடைபடும், இதுதான் ஆபத்து. மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கால்கள் தவளை மாதிரி அகன்று மடங்கியிருக்கட்டும். துணியைக் காதுக்குக் கீழ் வரை இழுத்துக் கட்டி, மேலே உடையை மூடிக்கொள்ளலாம். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காதீர்கள். எடுத்து எடுத்து வைப்பதே அவளுக்குக் களைப்பு.

சில வருடங்களுக்கு முன் 1,300 கிராம் பெண் குழந்தை ஒன்று. தாய்க்கு ஜன்னி வந்து ஐ.சி.யு.வில் இருந்தார். அப்பத்தாவிடம் கொடுத்தோம். "என் மேல வெயில்ல வேலை செஞ்ச தோலுப்பா, பிள்ளைக்கு உறுத்தாதா" என்று கேட்டார். வைத்தபோது குழந்தையின் பாதம் சில்லென்று, நீலம் பாய்ந்து இருந்தது. மானிட்டரில் இதயத் துடிப்பு 170-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் 145-க்கு வந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக, ரோஜா நிறத்தில். அப்பத்தா அசையாமல் இருந்தார், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கக்கூட வாய் திறக்கவில்லை. பிள்ளை முழித்துவிடும் என்று பயம்.

அதனால் நீங்கள் தாராளமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளையும் சட்டையைக் கழற்றிவிட்டு வைத்துக்கொள்ளலாம், மார்பு முடி ஒரு தடையே இல்லை. மகள் சாப்பிட, குளிக்க, இரவில் மூன்று மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்க வேறொரு நெஞ்சு வேண்டும். 17 மணி நேரத்தை ஒருத்தி தலையில் கட்டினால் அவள் ஒடிந்துபோவாள். கூச்சமாக இருந்தால் திரை போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இந்த வயதில் உறிஞ்சி விழுங்கும் பழக்கம் பிள்ளைக்குச் சரியாக வந்திருக்காது, 34 வாரம் தாண்டித்தான் கூடிவரும். அதுவரை பீய்ச்சிய தாய்ப்பாலைக் குழாயிலோ பாலாடையிலோ, டாக்டர் சொன்ன அளவில் கொடுப்பார்கள். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதையும் நாக்கில் தடவிவிடாதீர்கள், உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போன பிறகும் உரமருந்து, மூக்கில் காதில் எண்ணெய், சாம்பிராணிப் புகை வேண்டாம். 2 கிலோ தாண்டும்வரை குளிப்பாட்டவும் வேண்டாம், துடைத்துவிட்டால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் கீழோ பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்குக் கண்ணின் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போகக்கூடும். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றே இருக்கும். நேரத்தில் பார்த்தால் லேசர் வைத்துக் காப்பாற்றிவிடலாம். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் "கண் டெஸ்ட் என்றைக்கு?" என்று கேட்டுத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அந்தத் தேதியைத் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் இதை நிறுத்திவிட வேண்டாம். ஹரியானாவின் ஃபரிதாபாத், பல்வல் மாவட்டங்களில் 8,402 எடை குறைந்த குழந்தைகளை வைத்து வீட்டிலேயே செய்த ஆய்வு 2019-இல் வந்தது. வீட்டில் நெஞ்சில் வைத்துச் சுமந்த குடும்பங்களில் முதல் ஆறு மாத இறப்பு கால் பங்கு குறைந்தது. மண்ணெண்ணெய் விளக்கு, ஹீட்டர் எதுவும் அங்கே தேவைப்படவில்லை, அம்மாவும் பாட்டியும்தான்.

மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலமாவது, நெஞ்சில் இருந்தும் பாதம் சில்லென்றே இருப்பது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வயிறு உப்புவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். அதை அவளே சொல்வாள். இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது கட்டுக்குள் வைத்தால் நெளிவாள், கையை வெளியே நீட்டுவாள், அழுவாள், இறக்கிவிட்டால் அடங்கிவிடுவாள். அதுவரை ராத்திரி ஷிஃப்ட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.