வெயில்ல உக்காந்து செஞ்ச தொழில்நுட்பம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கென்யாவுல செல்போன் மூலமா பணம் அனுப்புற எம்-பெசாவ ஒரு காலேஜ் பையன் தான் கண்டுபிடிச்சான், கம்பெனி அவன ஏமாத்திடுச்சுன்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. உண்மையா?

பதில்: இந்தக் கதை கென்யாவுலயே ரொம்ப வருஷமா சுத்திட்டு இருக்கு, அங்கயே நிறைய பேர் நம்புறாங்க, ஆனா உண்மை இல்ல. வோடஃபோன்ல வேலை பாத்த நிக் ஹியூஸ், சூசி லோனி ரெண்டு பேரும் தான் அந்த ப்ராஜெக்ட்ட நடத்துனவங்க, பிரிட்டன் அரசோட வளர்ச்சி நிதியில இருந்து ஒரு பங்கு பணம் வந்துச்சு, சாஃப்ட்வேர எழுதுனது இங்கிலாந்து கம்பெனி, சர்வர் கூட 2015 வரைக்கும் ஜெர்மனில தான் இருந்துச்சு. அப்போ இது கென்யாவோட கண்டுபிடிப்பே இல்லையான்னு கேப்பீங்க. கென்யாவோடது தான்னு நான் சொல்வேன்.

2005 அக்டோபர்ல நைரோபியிலயும் பக்கத்து ஊரான தீக்காவுலயும் சோதனை ஓட்டம் ஆரம்பிச்சாங்க, சேந்தவங்க 500 பேருக்கும் கம்மி. அப்போ திட்டமே வேற. குழுக்கடன் வாங்குனவங்க தவணைய போன்லயே கட்டணும், கூட்டத்துக்கு காச தூக்கிட்டு வர வேண்டாம், அவ்வளவு தான் நினைச்சிருந்தாங்க. ஆனா போன் கையில வந்ததும் ஜனங்க அத வேற வழியில கொண்டு போயிட்டாங்க. ஒருத்தர் இன்னொருத்தருக்காக தவணை கட்டுனாங்க, கடைக்காரங்க தங்களுக்குள்ள கொடுக்கல் வாங்கல முடிச்சுக்கிட்டாங்க, பயணம் கிளம்புறவங்க இந்த ஊர்ல காச போட்டுட்டு போய் இறங்குன ஊர்ல எடுத்துக்கிட்டாங்க, வழியில திருட்டு பயம் இல்லையே. எல்லாத்துக்கும் மேல, டவுன்ல வேலை பாக்குறவங்க கிராமத்துல இருக்குற குடும்பத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் அந்தப் பணம் பஸ் டிரைவர் கையிலயோ ஊருக்குப் போற சொந்தக்காரர் பையிலயோ தான் போகும், முழுசா போய் சேருமான்னு யாருக்கும் தெரியாது. இத கவனிச்சு தான் கடன் விஷயத்த ஓரமா வச்சுட்டு, 2007 மார்ச்சுல கென்ய செல்போன் கம்பெனி சஃபாரிகாம் இத நாடு முழுக்க விட்டப்போ வீட்டுக்குப் பணம் அனுப்புங்கன்னு ஒரே ஒரு வரிய விளம்பரமா வச்சாங்க. அந்த வரிய எழுதினது எந்த ஏஜென்சியா இருந்தாலும் சரி, அதுல இருந்த விஷயத்த கண்டுபிடிச்சது சோதனையில இருந்த அந்த சில நூறு பேர் தான், அவங்க பேர் எங்கயும் இல்லங்கறது எனக்கு உண்மையிலயே வருத்தம்.

இன்னொன்னு, அந்த நாட்டு மத்திய வங்கி. அப்போ இதுக்குன்னு தனிச் சட்டமே கிடையாது, வேண்டாம்னு ஒரு கடுதாசி போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவங்க ஜனங்க போடுற பணத்த கம்பெனி கணக்குல கலக்காம தனியா ஒரு டிரஸ்ட் கணக்குல பேங்க்ல வைக்கச் சொல்லிட்டு, ஆட்சேபணை இல்லன்னு கடிதம் கொடுத்து விட்டாங்க, முறையான சட்டம் 2011ல தான் வந்துச்சு. சில நாடுகள்ல இதே மாதிரி திட்டம் எடுபடாம போனதுக்கு டெக்னாலஜிய குறை சொல்ல முடியாதுன்னு தான் எனக்குத் தோணுது, இந்த மாதிரி ஒரு கடிதம் அங்க கிடைக்கல.

கேள்வி: பெசான்னா நம்ம பைசா தானா?

பதில்: ஆமா, இந்தியப் பெருங்கடல் வியாபாரத்துல போன வார்த்தைன்னு தான் அகராதிக்காரங்க சொல்றாங்க. அந்தப் பக்கத்து மொழியான ஸ்வாஹிலில பெசான்னா பணம், முன்னாடி இருக்குற எம் மொபைலக் குறிக்குது.

கேள்வி: ஆப், ஸ்டார்ட்அப்னு சொன்னா தான் புது முயற்சியா? சாதாரண பட்டறைக்காரங்க செய்றதெல்லாம் கணக்குல வராதா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் உக்காந்தேன்னு வச்சுக்கங்க. கென்யாவுல ரோட்டோரமா தகரம் தட்டுறவங்க, வெல்டிங் பண்றவங்க, மரவேலை பாக்குறவங்க எல்லாருக்கும் சேத்து ஜுவா காலின்னு ஒரு பேர் இருக்கு, சுட்டெரிக்கிற வெயில்னு அர்த்தம், கூரை இல்லாம வெயில்ல உக்காந்து வேலை செய்றதால வந்த பேர். இவங்க கையில உருவானது தான் அங்க டவுன் வீடுகள்ல பரவலா இருக்குற கென்யா ஜிகோங்கற கரி அடுப்பு. 1980கள் ஆரம்பத்துல வந்தது. மூலம் தாய்லாந்து வாளி அடுப்பு, ஆனா அத அப்படியே கொண்டு வந்து வச்சா அங்க சரிப்படல. உகாலிங்கற சோள மாவுக் களிய பலம் கொடுத்து கிண்டணும், அடுப்பு ஆடக்கூடாது, அதனால நடுவுல இடுப்பு மாதிரி ஒடுக்கி கீழ அகலமா உக்கார்ற மாதிரி தகர உடம்பு, உள்ள மேல் பாதிக்கு மட்டும் சுட்ட மண் வளையம். சூட்ட மண் பிடிச்சு வச்சுக்கும், கரி வீணாகாது, பழைய வெறும் தகர அடுப்ப விட கரிச்செலவு நல்லாவே குறைஞ்சுடும், தினமும் கரி வாங்குற வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேலை எப்படிப் பிரிஞ்சதுங்கறது தான். தகரத்த ஒருத்தர் வெட்டுவார், மண் வளையத்த இன்னொருத்தர் சுடுவார், மூணாவது ஆள் சேத்து விப்பார். யாரும் பேட்டன்ட்னு பூட்டி வைக்கல. பாத்தவங்க எல்லாம் காப்பி அடிச்சாங்க, சிலர் மட்டமா செஞ்சாங்க, அதுல மண் சீக்கிரம் வெடிச்சுது, அதுவும் உண்மை தான், மறைக்கல. ஆனா போட்டியில விலை இறங்குச்சு, கைக்கு எட்டுச்சு, பக்கத்து நாடுகளுக்கும் போச்சு. இத செஞ்சவங்கள தொழில்முனைவோர்னு சொல்லாம வேற யாரச் சொல்றது?

கேள்வி: இன்டர்நெட்டே சரியா இல்லாத நாட்டுல இதெல்லாம் எப்படி நடந்துச்சு?

பதில்: எம்-பெசாவுக்கு இன்டர்நெட் தேவையே இல்ல, சாதா போன்ல சிம்முக்குள்ள இருக்குற மெனுவே போதும். உஷாஹிதிங்கற மேப் தளத்துக்கு தகவல் அனுப்பவும் எஸ்எம்எஸ் போதும். 2007 டிசம்பர் தேர்தலுக்கு அப்புறம் கலவரம் வெடிச்சப்போ ஓரி ஒகோலோ, ஜூலியானா ரோட்டிச், டேவிட் கோபியா, எரிக் ஹெர்ஸ்மன் இவங்க சேந்து 2008 ஜனவரில அவசர அவசரமா கட்டுனாங்க, எந்த ஊர்ல என்ன நடக்குதுன்னு ஜனங்க எஸ்எம்எஸ்ல அனுப்புனா மேப்புல ஏறும். உஷாஹிதின்னா ஸ்வாஹிலில சாட்சியம்னு அர்த்தம். அதே சாஃப்ட்வேர் 2010ல ஹைட்டி பூகம்பத்துலயும் உதவுச்சு. கடலடி கேபிள் 2009ல மொம்பாசாவுக்கு வந்துச்சு, அதுவரைக்கும் சேட்டிலைட் தான், மெதுவு, விலையும் எக்கச்சக்கம். அடுத்த வருஷமே நைரோபியில ஐஹப்னு ஒரு பொது இடம் திறந்தாங்க, சின்னப் பசங்க வந்து உக்காந்து கோடு எழுத. கேபிள் வந்ததும் வேகமா ஓட முடிஞ்சதுன்னா, அதுக்கு முன்னாடியே நடக்கப் பழகியிருந்தாங்க.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் கடைசி வருஷம். விவசாயிங்களுக்கு ஒரு ஆப் செய்யணும்னு ஆசை. ரெண்டு முதலீட்டாளருங்க கிட்ட காட்டுனேன், ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டாங்க. வெளிநாடு போய்டலாமான்னு யோசனை. என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, வெளிநாடு போறதும் போகாததும் உங்க குடும்ப நிலைமையப் பொறுத்தது, அதுல நான் தலையிடல. ஆனா ரெண்டு பேர் வேண்டாம்னு சொன்னத வச்சு உங்க யோசனைய எடை போடாதீங்க. கென்யாவுலயே வெளியில இருந்து வர்ற முதலீடு பெரும்பாலும் வெளிநாட்டுல படிச்சவங்களுக்கும் வெளிநாட்டு நிறுவனர்களுக்கும் தான் சுலபமா கிடைக்குதுன்னு அங்க உள்ள இளைஞர்களே ரொம்ப நாளா குமுறிட்டு இருக்காங்க, அந்தக் குமுறல் நியாயமானது. பணம் வச்சிருக்கறவங்க தங்களுக்குப் பழக்கமான மொழியில பேசுறவங்கள தான் நம்புறாங்க.

நீங்க செஞ்ச தப்புன்னு எனக்குப் படுறது வேற, விவசாயிக்கு முன்னாடி முதலீட்டாளர்கிட்ட போயிட்டீங்க. கென்யாவுல சூ கஹும்பு ஆரம்பிச்ச ஐகௌங்கற சேவைய பாருங்க, மாடு சினைப்பட்ட தேதிய விவசாயி சாதா போன்ல பதிஞ்சா, இன்னின்ன நாள்ல இன்னின்னது பாத்துக்கங்கன்னு எஸ்எம்எஸ் வரும். அழகான ஸ்க்ரீன் எதுவும் கிடையாது, ஆனா மாட்டுக்காரருக்கு எந்த நாள்ல எது தெரியணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. எம்-கோப்பா சோலாரும் அப்படித்தான், மொத்தமா காசு கட்ட முடியாதவங்க கிட்ட தினம் 50 ஷில்லிங் மாதிரி போன்ல வாங்கிக்கிட்டு விளக்க எரிய விட்டாங்க, மண்ணெண்ணெய்க்கு தினமும் எவ்வளவு செலவாகுதுன்னு முதல்ல பாத்திருக்காங்க.

இன்னொரு இடத்தையும் சொல்றேன், யாரும் கண்டுக்காத இடம். எம்-பெசா ஏஜென்ட்டுங்கன்னா ரொக்கத்த வாங்கி போன்ல ஏத்துறவங்க, போன்ல இருக்குறத ரொக்கமா திருப்பிக் கொடுக்குறவங்க. அவங்ககிட்ட டவுன்ல ஜனங்க காச போட்டுக்கிட்டே இருப்பாங்க, அங்க ஏஜென்ட் கையில ரொக்கம் குவிஞ்சு போன்ல இருக்குற இருப்பு தீந்துடும், கிராமத்துல எல்லாரும் எடுக்கவே வருவாங்க, அங்க ரொக்கம் தீந்து திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இந்த ரொக்கத்த அங்கயும் இங்கயும் மாத்திக் கொண்டு போற வேலையிலயே பல பேர் பிழைச்சாங்க. சேவை எங்க தடுக்கி நிக்குதோ அங்க போய் நின்னு பாருங்க, உங்க துறையிலயும் அப்படி ஒரு இடம் கண்டிப்பா இருக்கும்.

ஆப்ப ஒரு மாசம் மூடி வைங்க. பத்து விவசாயிங்க கூட விதைக்கிற நாள்ல இருந்து விக்கிற நாள் வரைக்கும் என்ன நடக்குதுன்னு உக்காந்து கேளுங்க, முடிஞ்சா ஒருத்தர் கூட சந்தைக்கும் போங்க. அவங்க கேக்காத ஒன்ன ஆப்ல நீங்க போட்டிருந்தா எடுத்துடுங்க. அந்தப் பத்து பேர் என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, அடுத்து என்னங்கறத அத வச்சுப் பேசலாம்.