சட்னி எங்கே போனது? பக்கவாதத்துக்குப் பின் பார்வை: கேள்வி பதில்

பக்கவாதம் வந்தவர்களுக்குக் குளிப்பது, சமைப்பது, பேருந்து ஏறுவது என்று அன்றாட வேலைகளை மறுபடி பழக்கிவிடும் தெரபிஸ்ட் நான். சிங்கப்பூரின் பல பேட்டைகளிலிருந்து பார்வை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஈசூன்: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம். இடது கண் போச்சு என்கிறார். கண் டாக்டரோ கண்ணில் ஒன்றுமில்லை என்கிறார். யாரை நம்புவது?

இருவரையுமே. அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு கண்ணை மூடட்டும், அப்புறம் மற்றதை. எதை மூடினாலும் உங்கள் முகத்தின் அதே பாதிதான் காணவில்லை என்றால், கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். இரண்டு கண்ணும் காணும் இடப்பக்கக் காட்சி மூளையின் வலப்பாதிக்குத்தான் போகிறது. அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் இரண்டு கண்ணுக்கும் இடப்பக்கம் இல்லை. ஹெமியனோபியா என்பார்கள். புதுக் கண்ணாடி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

அந்தப் பாதி அவருக்குக் கறுப்பாகவும் தெரியாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது? அதே போலத்தான். அதனால்தான் தட்டின் இட ஓரத்தில் சட்னி இருக்க, "சட்னியே வைக்கலையே" என்று கோபப்படுவார். தட்டைக் கொஞ்சம் சுழற்றுங்கள், சட்னி வந்துவிடும்.

பிடோக்: "தலையைத் திருப்புங்கம்மா" என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். திருப்பவும் செய்கிறார். ஆனாலும் ஈரச்சந்தையில் தள்ளுவண்டியில் போய் மோதுகிறார்.

தலை திரும்புகிறது, கண் திரும்பவில்லை. இந்த வரியிலேயே கண்ணை வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். வரி அப்படியே தெரிகிறதா? தலை ஒருபக்கம் போனால் கண் மறுபக்கம் நகர்ந்து ஈடுகட்டிவிடும். பார்வைப் பரப்பு கண்ணோடுதான் போகும், மூக்கோடு போகாது. அம்மா பாவம், கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கண்ணை எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பழகாதவரின் கண், இருட்டில் படி இறங்குபவர் காலால் துழாவுவது போல, தெரியாத பக்கத்துக்குச் சின்னச் சின்னத் தாவலாகப் போகும். நன்றாகப் பழகியவர் ஒரே தாவலில் கடைக்கோடிக்கு எறிந்துவிட்டு, அங்கிருந்து திரும்பி வந்து தேடுவார். இடப்பக்கப் பார்வை போனவர் பொருளையும் தாண்டி இடப்பக்கம் பார்த்தால்தான் அது அவருக்குத் தெரியும் வலப்பாதிக்குள் வந்து விழும். சிலர் இதைத் தாமாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

நான் செய்ய வைப்பது சாதாரண வேலை. சாப்பாட்டு மேசை முழுக்கச் சில்லறையை இறைத்துவிட்டு, பத்துக் காசு நாணயங்களை மட்டும் பொறுக்கச் சொல்வேன். தலை அசையக்கூடாது, இட ஓரத்திலிருந்து தொடங்கி வரிவரியாகக் கண்ணை ஓட்ட வேண்டும். அது கைவந்ததும் பேரங்காடி அலமாரியில் மைலோ தேடுவது. கடைசியாகக் கூட்டம் நெரியும் தேக்கா சந்தை. மேசையில் ஜெயித்தவர் ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவில் தோற்பார், மனம் விடாதீர்கள். நடந்துகொண்டே, பேசிக்கொண்டே பார்ப்பது தனி வித்தை.

தெம்பனிஸ்: 'நெக்லெக்ட்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அதில் காட்சி போவதில்லை, அந்தப் பக்கம் இருக்கிறது என்ற கவனமே போய்விடுகிறது. நீளக் கோட்டின் நடுவில் குறி போடச் சொன்னால், இடப்பக்கக் கவனம் போனவர் வலப்பக்கம் தள்ளிப் போடுவார். இடக்காட்சி மட்டும் போனவர் பெரும்பாலும் இடப்பக்கமே சற்றுத் தள்ளிப் போடுவார். இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

செங்காங்: எனக்கு வலப்பக்கப் பார்வை போனது. ஆங்கிலத்தை எப்படியோ ஓட்டிவிடுகிறேன், 'தமிழ் முரசு'தான் படிக்க முடியவில்லை.

எனக்குப் பிடித்த கேள்வி. இடமிருந்து வலமாகப் படிப்பவர்களின் கண், நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தையும் வலப்பக்கம் 15 எழுத்து வரையும் எடுத்துக்கொள்ளும் என்பது ஆங்கில வாசிப்பில் அளந்த கணக்கு. உங்களுக்குப் போனது அந்த முன்னோட்டம். தமிழிலோ சொல்லின் உயிரே வாலில் இருக்கிறது. 'வந்திருக்க' வரை பார்த்துவிட்டுத் தாவினால், வந்திருக்கலாமா, வந்திருக்கவில்லையா, யார் கண்டது? ஒவ்வொரு சொல்லிலும் கண்ணை வேண்டுமென்றே கடைசி எழுத்துக்கு அனுப்புங்கள். வரியின் முடிவில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் பக்கவாட்டில் திருப்பி மேலிருந்து கீழாகப் படிப்பதும் சிலருக்குச் சரிப்படுகிறது. இடப்பக்கம் போனவர்களுக்கு அடுத்த வரியின் தொடக்கம்தான் தொலையும்; இட ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, சிவப்பு தெரியும்வரை கண்ணைத் திருப்பச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்: கார் ஓட்டலாமா? சாலை கடப்பது எப்படி?

டாக்டர் எழுத்தில் தரும்வரை சாவியைத் தொடாதீர்கள். பாதிப் பரப்பு முழுதாகப் போனவருக்கு நான் ஆசை காட்டமாட்டேன். கடப்பதைப் பொறுத்தவரை, நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கமாக ஓடுவதால் இருவழிச் சாலையில் முதலில் வலமிருந்துதான் வரும். வலப்பக்கப் பார்வை போனவருக்கு முதல் அடியே ஆபத்து; இடப்பக்கப் பார்வை போனவர் நடுச்சாலையில் மாட்டுவார். போக்குவரத்து விளக்கு உள்ள இடத்திலேயே கடக்கட்டும். வசதி உள்ள கம்பங்களில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாக நிற்பான்.

அங் மோ கியோ: போன பார்வை திரும்புமா?

திரும்புவதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்தில். ஆறு மாதத்துக்கு மேல் அபூர்வம். கண்ணைப் பழக்குவதற்கு அந்தக் கெடு கிடையாது.

ஜூரோங்: இல்லாத பூனை இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்கிறார் தாத்தா. புத்தி பேதலித்துவிட்டதா?

இல்லை. காட்சி வராத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்வது உண்டு. பயத்தில் இதை வெளியே சொல்லாதவர்கள் நிறைய. பூனை இருக்கும் பக்கம் கண்ணைச் சட்டென்று திருப்பச் சொல்லுங்கள், பல நேரம் ஓடிவிடும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவையுங்கள். வலிப்பாலும் இப்படித் தெரியலாம். கூடவே கை துடித்தால், நினைவு தப்பினால் 995-ல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.