தகடு அடித்தபின் நின்றுபோகும் மொட்டைமாடி ஏசி: உங்கள் கேள்விக்கு

வணக்கம். கடைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் உள்ள ஏசி வெளி யூனிட்டுகள் சாலையிலிருந்து தெரியாதபடி நாற்புறமும் தகடு அடித்த பிறகு, அவை நண்பகலில் தாமாகவே நின்றுவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் பழுது யூனிட்டில் இராது. விசிறி தள்ளும் சூடான காற்று தகட்டில் மோதித் திரும்பி, வெப்பத்தை வெளியேற்றும் குழாய்ச் சுருளான காயிலுக்குள்ளேயே இழுக்கப்படுவதால், கம்ப்ரசரில் அழுத்தம் ஏறி, பாதுகாப்பு ஸ்விட்ச் அதை நிறுத்திவிடுகிறது. யூனிட்டின் பின்புறம், காற்று நுழையும் இடத்தில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். வெளி வெப்பத்தைவிடப் பல டிகிரி கூடுதலாகக் காட்டினால் காரணம் அதுதான்.

தகட்டைக் கழற்றிவிட்டு, சாலையை நோக்கிய பக்கத்தில் மட்டும் அலுமினிய லூவர் (இடைவெளிவிட்டுச் சாய்வாக அடுக்கிய பட்டைகள் கொண்ட தடுப்பு) பொருத்தினால் போதும். விசிறிக்கு எதிரே விடவேண்டிய இடைவெளி நிறுவல் கையேட்டிலேயே இருக்கும் (அதை யாரும் பிரிப்பதில்லை என்பது வேறு விஷயம்). லூவரின் உயரம் யூனிட்டின் தலைமட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அதுவே மறைத்துவிடும். மெக்கானிக் உள்ளே போய் வர ஒரு கதவும் வையுங்கள்.